புரதக் கரைசல் வடிகட்டலில் மின்புலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதிப் பொறியியல், பால் தொழில்நுட்பம், உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறவர்களும், அல்ட்ராஃபில்ட்ரேஷன் (நுண்துளைச் சவ்வு வழியே அழுத்தி வடிகட்டுதல்) கருவியைத் தினமும் ஓட்டுகிறவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மின்புலம் கொடுத்தால் வடிகட்டல் வேகமாகுமா என்பது பழைய கேள்வி. ஆகும், அதில் சந்தேகம் இல்லை. எந்தக் கரைசலில், எவ்வளவு செலவில் என்று கேட்கும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது. அதனால் கணக்குகள் கொஞ்சம் அதிகமாகவே வரும். எல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான்.

அல்ட்ராஃபில்ட்ரேஷன் ஏற்கெனவே நன்றாக ஓடுகிறதே, இதில் மின்சாரத்துக்கு என்ன வேலை?

முதல் சில நிமிடங்கள் நன்றாகத்தான் ஓடும். சவ்வின் துளைகள் சில நானோமீட்டர் அகலமே கொண்டவை. 1 முதல் 5 பார் அழுத்தத்தில் தண்ணீரும் உப்பும் லாக்டோஸ் போன்ற சின்ன மூலக்கூறுகளும் வெளியே போகும், புரதம் உள்ளே நிற்கும். அது எங்கே நிற்கிறது என்பதில்தான் சிக்கல். வெளியேறும் தண்ணீர் புரதத்தையும் இழுத்துக்கொண்டு வந்து சவ்வின் முகத்திலேயே விட்டுவிட்டுப் போகிறது. தொட்டியில் லிட்டருக்கு 10 கிராம் இருக்கும்போதே சவ்வோரத்தில் அதைப் போலப் பல மடங்கு குவிந்துவிடும். இதைப் பாடப்புத்தகங்கள் செறிவு முனைவாக்கம் என்கின்றன. இன்னும் குவிந்தால் ஜெல் போன்ற ஒரு படலம் உருவாகும். பொடி மிக நைசாக அரைபட்டுப்போன காபி பில்டரில் டிகாக்‌ஷன் இறங்காமல் நிற்குமே, ஏறக்குறைய அதுதான் நிலைமை.

இந்தக் கட்டத்துக்கு வந்தபின் அழுத்தத்தைக் கூட்டிப் பயன் இல்லை. ஜெல் தடிமனாகும், ஃப்ளக்ஸ் அதே இடத்தில் நிற்கும். (ஒரு சதுர மீட்டர் சவ்வு ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் வடித்துத் தருகிறது என்பதே ஃப்ளக்ஸ்.) படலக் கொள்கையின்படி இந்த எல்லை ஃப்ளக்ஸ், ஜெல் செறிவை தொட்டிச் செறிவால் வகுத்து வருவதன் இயல் மடக்கைக்கு (ln) நேர்விகிதத்தில் இருக்கும். ஜெல் செறிவு லிட்டருக்கு 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் 10 கிராம் இருக்கும்போது அந்த மடக்கை 3.4. கரைசலைச் சுண்டவைத்து 100 கிராமுக்குக் கொண்டுவந்தால் 1.1. ஃப்ளக்ஸ் மூன்றில் ஒன்றாகிவிட்டது.

வழக்கமான வைத்தியம், சவ்வின் பரப்பை உரசியபடி கரைசலை வேகமாக ஓட்டி (இதுதான் குறுக்கோட்டம்) படலத்தை அரித்துவிடுவது. கொந்தளிப்பான ஓட்டத்தில் வேகத்தை இரட்டித்தால் ஃப்ளக்ஸ் சுமார் 1.7 மடங்காகும், பம்ப் தின்கிற மின்சாரமோ 7, 8 மடங்காகும். கூடவே சூடு, நுரை. நுரையில் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் சில புரதங்கள் உருக்குலைந்துவிடும். கரைசல் முழுவதையும் விரட்டுவதற்குப் பதிலாகப் புரதத்தை மட்டும் சவ்விலிருந்து தள்ளிவைக்க முடியுமா என்று தேடியபோது கிடைத்த வழிதான் மின்புலம்.

மின்புலம் புரதத்தை மட்டும் எப்படித் தள்ளுகிறது?

புரதத்துக்கு மின்சுமை உண்டு, தண்ணீருக்கு இல்லை. ஆய்வகங்களில் எல்லாரும் எடுத்துக்கொள்ளும் மாட்டு சீரம் அல்புமினைப் பார்ப்போம். மூலக்கூறு எடை சுமார் 66 கிலோடால்டன், சம மின்புள்ளி, அதாவது நிகர மின்சுமை பூஜ்யமாகும் இடம், பிஎச் 4.7 அருகில். பிஎச் 7-ல் அது எதிர்மின்சுமை கொண்டிருக்கும். கரைசல் ஓடும் பக்கத்தில் நேர்மின்முனையையும், சவ்வுக்குக் கீழே வடிநீர் பக்கத்தில் எதிர்மின்முனையையும் வைத்தால், அல்புமின் நேர்மின்முனையை நோக்கி, அதாவது சவ்வைவிட்டு விலகி நகரும். தண்ணீர் அழுத்தத்தால் கீழே போகும். ஒன்று மேலே, ஒன்று கீழே.

தள்ளும் வேகம் எவ்வளவு என்பதுதான் எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கணக்கு. புரதங்களின் மின்நகர்திறன் (ஓர் அலகு மின்புலத்தில் எவ்வளவு வேகமாக நகரும் என்பது) பொதுவாக ஒரு வோல்ட் நொடிக்கு 10-ன் அடுக்கு கழித்தல் 8 சதுர மீட்டர் என்ற அளவில் இருக்கும். செ.மீ.க்கு 10 வோல்ட் புலம் கொடுத்தால் புரதம் நொடிக்கு 10 மைக்ரோமீட்டர் நகரும். நத்தைகூடச் சிரிக்கும் வேகம். ஆனால் அதையே சவ்வுக்காரர்களின் அலகில் சொன்னால், ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 36 லிட்டர். புரதக் கரைசல்களில் சாதாரண அல்ட்ராஃபில்ட்ரேஷன் தரும் ஃப்ளக்ஸும் பல நேரங்களில் இதே அளவுதான். சவ்வை நோக்கித் தண்ணீர் புரதத்தை இழுத்துவரும் வேகமும், மின்புலம் அதைத் திருப்பி இழுக்கும் வேகமும் சமபலம். எண்கள் இப்படிப் பொருந்தி வராமல் இருந்திருந்தால் இந்த முறையைப் பற்றிப் பேச்சே எழுந்திருக்காது.

எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும்?

வோல்ட்டைக் கேட்காதீர்கள், ஒரு செ.மீ.க்கு எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். ஃப்ளக்ஸை மின்நகர்திறனால் வகுத்தால் வருவது மாறுநிலைப் புலம். அந்தப் புலத்தில் கோட்பாட்டுப்படி புரதம் சவ்வை நெருங்கவே நெருங்காது. அதற்குக் குறைவாகக் கொடுத்தாலும் குவிதல் குறையும், நீங்காது. ஆய்வகச் சோதனைகள் பெரும்பாலும் செ.மீ.க்கு 5 முதல் 50 வோல்ட் வரை ஓடுகின்றன.

மின்முனைகளுக்கு இடையே 5 மி.மீ. இடைவெளி இருந்தால், செ.மீ.க்கு 10 வோல்ட் என்ற புலத்துக்குக் கரைசலில் 5 வோல்ட் விழ வேண்டும். மின்முனைப் பரப்பில் நீர் பிளவுபடுவதற்கே 2 வோல்ட்டுக்கு மேல் தனியாகப் போய்விடும். பவர் சப்ளை காட்டும் எண்ணை இடைவெளியால் வகுத்து இதுதான் புலம் என்று எழுதிவிடுகிறவர்கள் அந்த 2 வோல்ட்டை மறந்துவிடுகிறார்கள். இடைவெளி குறுகக் குறுக இந்தப் பிழை பெரிதாகும்.

கரைசல் அடர்த்தியான பிறகும் இது பலன் தருமா?

அப்போதுதான் அதிகப் பலன். மேலே சொன்ன மடக்கைச் சமன்பாட்டோடு மின்நகர்வு வேகத்தைக் கூட்டல் குறி போட்டுச் சேர்த்தால் முதல் தோராயம் கிடைத்துவிடும். தொட்டிச் செறிவு ஜெல் செறிவை நெருங்கும்போது மடக்கைப் பகுதி பூஜ்யத்தை நோக்கிச் சரியும், மின்நகர்வுப் பகுதி நிற்கும். கடைசிக் கட்டச் சுண்டலில் வழக்கமான முறை மூச்சுத் திணறும் இடத்தில் மின்புலம் கைகொடுப்பது இதனால்தான். அடர்ந்த கரைசலில் பாகுத்தன்மை கூடி மின்நகர்திறனும் இறங்கும் என்பதால் தாளில் வரும் எண் முழுதாகக் கிடைக்காது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் குன்னர் ஜான்சன் குழு 2007-ல் தொழிற்சாலை நொதிக் கரைசல்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இந்தப் பக்கத்தில்தான் கவனம் செலுத்தின. அமைலேஸ் நொதிக்கு ஆலை வடிவமைப்பும் செலவுக் கணக்கும்வரை போனார்கள்.

எல்லாப் புரதத்துக்கும் மின்முனைகளை இதே பக்கத்தில்தான் வைக்க வேண்டுமா?

இல்லை. முட்டை வெள்ளையில் உள்ள லைசோசைமின் சம மின்புள்ளி 11 அருகில். பிஎச் 7-ல் அது நேர்மின்சுமை கொண்டது. மேலே சொன்ன அமைப்பில் அதைப் போட்டால் மின்புலம் அதைச் சவ்வை நோக்கித் தள்ளும். முனைகளை மாற்றிப் போட வேண்டும், அல்லது பிஎச்சை மாற்ற வேண்டும்.

சம மின்புள்ளியிலேயே ஓட்டினால் நிகர மின்சுமை பூஜ்யம், மின்புலம் அதைத் தொடாது. சவ்வில் புரதம் மோசமாக ஒட்டுவதும் பெரும்பாலும் அந்தப் பிஎச்சில்தான். ஆகவே முதலில் செய்ய வேண்டியது சம மின்புள்ளியிலிருந்து ஓரிரு பிஎச் அலகாவது விலகுவது. சீஸ் செய்தபின் மிஞ்சும் வே நீரில் உள்ள பீட்டா லாக்டோகுளோபுலினின் சம மின்புள்ளி 5.2, ஆல்ஃபா லாக்டால்புமினுக்கு 4.2 முதல் 4.5 என்பதால் பிஎச் 6.5-ல் இரண்டும் ஒரே பக்கம் போகும். அதே நீரில் கொஞ்சமே இருக்கும் லாக்டோஃபெரின் 8-க்கு மேல். அது எதிர்த்திசையில் போகும்.

மின்சவ்வூடுபரவலும் இதில் சேருமா?

சேரும். பெரும்பாலான சவ்வுகளின் துளைச்சுவர் நடுநிலைப் பிஎச்சில் எதிர்மின்சுமை கொண்டது. சுவரை ஒட்டி நிற்கும் நேர் அயனிகள் எதிர்மின்முனையை நோக்கி நகரும்போது தண்ணீரையும் கூட்டிச் செல்லும். எதிர்மின்முனை வடிநீர் பக்கத்தில் இருப்பதால் இது ஃப்ளக்ஸைக் கூட்டும். எதிர்மின்சுமைப் புரதமும் எதிர்மின்சுமைச் சவ்வும் என்றால் இரண்டு விளைவுகளும் ஒரே பக்கம். நேர்மின்சுமைப் புரதத்துக்காக முனைகளை மாற்றினால் இது எதிராக இழுக்கும்.

உப்பு இருந்தால் வேலை கெடும் என்கிறார்களே, ஏன்?

வேலை கெடாது, பில் எகிறும். இந்த முறையின் தலைவிதியை எழுதுவது உப்புதான். அதனால் கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்.

உப்பு குறைவான கரைசல் ஒன்று, கடத்துதிறன் செ.மீ.க்கு 1 மில்லிசீமென்ஸ். புலம் செ.மீ.க்கு 10 வோல்ட். ஓடும் மின்னோட்டம் சதுர மீட்டருக்கு 100 ஆம்பியர். 5 மி.மீ. இடைவெளியில் கரைசலுக்குள் மட்டும் சதுர மீட்டருக்கு 500 வாட் சூடாகிப் போகும். அந்தச் சதுர மீட்டர் மணிக்கு 36 லிட்டர் தந்தால், 1000 லிட்டர் வடிநீருக்கு ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம்.

இப்போது வே நீர். அதன் கடத்துதிறன் 5 முதல் 6 மில்லிசீமென்ஸ். 5.5 என்று எடுத்தால் அதே புலத்துக்கு 550 ஆம்பியர், 2750 வாட், 1000 லிட்டருக்கு 76 யூனிட். கடல்நீரைக் குடிநீராக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் ஆலைகளே 1000 லிட்டருக்கு 3, 4 யூனிட்டில் ஓடுகின்றன. 1000 லிட்டர் வே நீரில் மொத்தமே சுமார் 6 கிலோ புரதம். 900 லிட்டரை வடித்து எடுக்க 68 யூனிட் என்றால் கிலோ புரதத்துக்கு 11 யூனிட்டுக்கு மேல். குளிர்விக்கும் செலவும் மின்முனை இழப்பும் இதில் சேரவில்லை. சாதாரண வே புரதப் பொடிக்கு இது கட்டுப்படியாகாது. இந்தப் பாதையில் ஆசையோடு போகிறவர்கள் முதல் நாளே ஒரு கடத்துதிறன் மீட்டரை நனைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

உப்பு செய்யும் இன்னொரு கேடும் உண்டு. அயனிகள் புரதத்தைச் சுற்றி நின்று அதன் மின்சுமையை மறைக்கும். மின்நகர்திறன் குறையும், அதே தள்ளலுக்கு இன்னும் அதிகப் புலம் வேண்டியிருக்கும். புலத்தை இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு.

அப்படியானால் உப்பு முழுவதையும் முதலிலேயே எடுத்துவிடலாமே?

பாதி சரி. தூய நீர் ஊற்றி ஊற்றி வடித்தெடுக்கும் டயாஃபில்ட்ரேஷன் அல்லது மின்புலத்தால் உப்பு அயனிகளை அயனிப் பரிமாற்றச் சவ்வுகள் வழியே வெளியே இழுக்கும் மின்னூடுபிரிப்பு மூலம் உப்பைக் குறைத்துவிட்டு மின்புலத்துக்குப் போவது நல்ல வரிசை. ஆனால் குளோபுலின் வகைப் புரதங்கள் சில, உப்பு மிகக் குறைந்தால் கரைசலில் நிற்காமல் படிந்துவிடும். கரைசலின் பிஎச்சைப் பிடித்துவைக்கும் தாங்கல் சக்தியும் போய்விடும். அது ஏன் ஆபத்து என்பது அடுத்த கேள்வியில். மருந்துத் தொழிலில் வாடிக்கையாளர் கேட்கும் தாங்கல் கரைசலிலேயே புரதத்தைக் கொடுத்தாக வேண்டும் என்றால் உப்பைத் திரும்பவும் சேர்க்க வேண்டிவரும். அந்தச் சுற்றையும் செலவில் எழுதுங்கள்.

மின்முனையில் நீர் பிளவுபடுவதால் என்ன ஆகும்?

இந்த முறையை முதன்முதலாகச் செய்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. நேர்மின்முனையில் ஆக்சிஜன் வாயுவும் அமிலமும் உண்டாகும். எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் வாயுவும் காரமும். சதுர மீட்டருக்கு 100 ஆம்பியர் என்ற அதே எளிய நிலையில், ஒரு மணி நேரத்தில் சுமார் 3.7 மோல் அமிலம் ஒரு பக்கம், 3.7 மோல் காரம் மறுபக்கம். அந்தக் காரம் 36 லிட்டர் வடிநீரில் கலந்தால் பிஎச் 13-ஐ நெருங்கும். ஹைட்ரஜன் 45 லிட்டர் அளவு வரும், ஆக்சிஜன் அதில் பாதி.

கரைசல் பக்கம் நேர்மின்முனை இருப்பதால் அங்கே அமிலம் சேர்கிறது. அல்புமின் கரைசல் பிஎச் 7-ல் தொடங்கி மெல்ல 6, 5 என்று இறங்கி 4.7-க்கு வந்து நிற்கும்போது புரதத்தின் மின்சுமை தீர்ந்துபோகும். தள்ள ஆரம்பித்த மின்புலமே தள்ளுவதற்கான பிடியை அழித்துவிடுகிறது. முதலில் ஏறிய ஃப்ளக்ஸ் பிறகு சரிந்துவிட்டது என்று வரைபடத்தோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பிஎச் பதிவைத்தான்.

கரைசலில் குளோரைடு இருந்தால் இன்னும் மோசம். நேர்மின்முனையில் குளோரின் உருவாகி, ஹைப்போகுளோரைட்டாக மாறி, புரதத்தின் மெத்தியோனின், சிஸ்டீன், டிரிப்டோஃபேன் போன்ற அமினோ அமிலப் பகுதிகளை ஆக்சிஜனேற்றம் செய்யும்.

தீர்வு, மின்முனைகளைப் புரதம் தொடாதபடி தனி அறையில் பூட்டுவது. நேர்மின்முனைக்கு முன்னால் ஒரு நேரயனிப் பரிமாற்றச் சவ்வு வைத்தால் குளோரைடும் எதிர்மின்சுமைப் புரதமும் அங்கே போய்ச் சேர முடியாது. மின்முனை அறைகளில் சோடியம் சல்பேட் அல்லது அதே தாங்கல் கரைசலை ஓட்டி, இரு அறைகளின் நீரையும் ஒரே தொட்டிக்குக் கொண்டுவந்தால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். அந்தத் தொட்டியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து வரும் என்பதை மறக்க வேண்டாம். மூடி போட்டு அடைக்கக் கூடாது, காற்றோட்டம் கட்டாயம். அறைகளையும் சவ்வுகளையும் கூட்டக் கூட்ட மின்தடையும் கூடும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

மின்முனைக்கு எந்த உலோகம்?

எதிர்மின்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். நேர்மின்முனைக்கு அது கூடவே கூடாது. இரும்பும் குரோமியமும் கரைந்து புரதத்தோடு சேரும். பிளாட்டினம் பூசிய டைட்டானியம் அல்லது இரிடியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் வாங்குங்கள். கிராஃபைட் மலிவு, ஆனால் அரித்துக் கரித்தூள் விடும்.

மின்சாரம் பாய்ந்தால் புரதம் உருக்குலையாதா?

செ.மீ.க்குப் பத்திருபது வோல்ட் புலம் புரதத்தின் மடிப்பை நேரடியாக ஒன்றும் செய்யாது. பழச்சாறில் கிருமிகளைக் கொல்லும் துடிப்பு மின்புல முறையோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே புலம் செ.மீ.க்குப் பல்லாயிரம் வோல்ட்.

கெடுப்பவை மற்ற நான்கு: சூடு, பிஎச் மாற்றம், ஆக்சிஜனேற்றம், வாயுக் குமிழி. சூட்டின் அளவைப் பார்க்கலாம். 1 மில்லிசீமென்ஸ் கரைசல் செ.மீ.க்கு 10 வோல்ட்டில் நொடிக்கு 0.024 டிகிரி சூடேறும். சவ்வும் மின்முனைகளும் உள்ள வடிகட்டும் செல்லுக்குள் 2 நொடி மட்டும் இருந்துவிட்டுப் போகும் கரைசலுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் அதே கரைசல்தான் மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. வழியில் ஒரு வெப்பப் பரிமாற்றி இல்லாமல் ஓட்ட முடியாது. நொதி என்றால் புரதச் செறிவை மட்டும் அளந்து திருப்தி அடையக் கூடாது, செயல்திறனையும் அளக்க வேண்டும்.

தொடர்ந்து கொடுக்காமல் விட்டுவிட்டுக் கொடுத்தால் மிச்சமாகுமா?

மிச்சமாகும். படலம் உருவாகச் சில நொடிகள் முதல் நிமிடங்கள் வரை ஆகும். அது கனக்கும் முன்பு ஒரு துடிப்பு கொடுத்துப் பிரித்துவிட்டு நிறுத்தலாம். சூடும் மின்னாற்பகுப்பும் மின்சாரம் ஓடும் நேரத்துக்கு ஏற்பக் குறையும். துளைக்குள் புகுந்து ஒட்டிய புரதத்தை இது அதிகம் அசைக்காது. வீட்டு மின்சாரம் போன்ற மாறுதிசை மின்னோட்டம் பயன்படாது. நொடிக்கு 50 முறை அங்குமிங்கும் ஆட்டினால் நிகர நகர்வு பூஜ்யம்.

சவ்வையே மின்முனையாக்கிவிட்டால் இடைவெளிப் பிரச்சினை தீருமே?

அழகான யோசனை, புதிதும் அல்ல. வேல்ஸில் ஸ்வான்ஸீ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் போவன் குழு 1980-களின் இறுதியில் மின்கடத்தும் சவ்வையே மின்முனையாக்கி, அவ்வப்போது மின்னோட்டம் செலுத்தி, உண்டாகும் நுண்குமிழிகளால் படலத்தைக் கழற்றும் முறையை உருவாக்கியது. இப்போது கார்பன் நானோகுழாய் பூசிய சவ்வுகள் இதே பாதையில் வருகின்றன.

ஒரு எச்சரிக்கை. சவ்வில் எதிர்மின்சுமை ஏற்றினால் எதிர்மின்சுமைப் புரதம் விலகி ஓடும் என்ற விளக்கத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. 0.1 மோலார் உப்பில் அந்த விலக்கு விசை எட்டும் தூரம் 1 நானோமீட்டர்தான், 0.001 மோலாரில் 10 நானோமீட்டர். அல்புமின் மூலக்கூறே சுமார் 7 நானோமீட்டர் அகலம். ஒட்டாமல் தடுக்க இந்த விலக்கு உதவும். அதைவிட மிகத் தடித்த செறிவுப் படலத்தைக் கலைக்க உதவாது. அங்கே நடக்கும் நன்மையில் பெரும்பங்கு பரப்பில் மாறும் பிஎச்சாலும் குமிழியாலும் வருவது என்பதே என் கணிப்பு.

இதை யார் தொடங்கினார்கள்?

அல்ட்ராஃபில்ட்ரேஷன் என்ற பெயரை 1907-ல் வைத்த ஜெர்மானியர் ஹைன்ரிஷ் பெக்ஹோல்ட். 1920-களில் மின்புலத்தையும் சேர்த்து எலக்ட்ரோ அல்ட்ராஃபில்ட்ரேஷன் என்று எழுதியவரும் அவரே. அதன்பின் இது வேறொரு வயலில் போய் வேர் பிடித்தது. மண்ணிலிருந்து சத்துகளைப் பிரித்து அளக்கும் பரிசோதனை முறையாக ஐரோப்பாவில், குறிப்பாகச் சர்க்கரைக் கிழங்கு நிலங்களில் பயன்பட்டது. தேடுபொறியில் இந்தப் பெயரைப் போட்டால் மண் பரிசோதனைக் கட்டுரைகள் வந்து விழுவதற்கு அதுதான் காரணம்.

குறுக்கோட்ட வடிகட்டலோடு மின்புலத்தை இணைத்து ஹென்றியும் சகாக்களும் 1977-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே பொறியியலாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1980-களில் அமெரிக்காவில் ராடோவிச் அல்புமினை வைத்துச் செய்த வேலைகள் புரதப் பக்கத்துக்கு அடித்தளம். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே குழு 2000-களில் சாந்தன் கோந்து போன்ற பாகான உயிர்ப் பலபடிகளை அழுத்த வடிகட்டியில் மின்புலம் சேர்த்துப் பிழிந்தது.

இந்தியாவில் யாராவது செய்திருக்கிறார்களா?

நிறையவே. ஐஐடி கரக்பூரில் சிர்ஷேந்து டே, சுனந்தோ தாஸ்குப்தா குழு சாத்துக்குடிச் சாற்றில் உள்ள பெக்டின் ஜெல்லை மின்புலத்தால் கட்டுப்படுத்துவதையும், அல்புமினையும் லைசோசைமையும் ஒரே கலவையிலிருந்து பிரிப்பதையும் 2008, 2009-ல் வெளியிட்டது. பெக்டினும் எதிர்மின்சுமை கொண்டது என்பதால் அதே தந்திரம் அங்கேயும் செல்லும். பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தில் மின்சுமை ஏற்றிய சவ்வுகளை வைத்துப் புரதங்களைப் பிரிக்கும் வேலைகள் நடந்தன.

இரண்டு புரதங்களைப் பிரிக்கவும் இது பயன்படுமா?

என் பார்வையில் இந்த முறைக்கு வாழ்வு இருப்பது இங்கேதான். வெறும் அளவை வைத்துப் பிரிக்கும் சவ்வுக்கு, மூலக்கூறு எடையில் சில மடங்காவது வித்தியாசம் இருந்தால்தான் சுத்தமான பிரிப்பு வரும். மின்புலம் இருந்தால் மின்சுமையும் ஒரு சல்லடையாகிறது. பிஎச் 7-ல் அல்புமின் சவ்வை விட்டு விலகும், லைசோசைம் சவ்வை நோக்கி ஓடித் துளை வழியே போகும். அழுத்தம் மட்டும் இருந்தபோது அல்புமின் படலமே லைசோசைமின் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் படலமும் இப்போது இல்லை.

புரதத்தின் சிறு துண்டுகளான பெப்டைடுகளில் இது இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது. பால் கேசினை நொதியால் வெட்டினால் ஏறக்குறைய ஒரே எடையில் பல பெப்டைடுகள் கிடைக்கும். எடையால் பிரிக்க முடியாதவற்றை மின்சுமையால் பிரிக்கலாம். நெதர்லாந்தில் பார்ஜ்மனும் சகாக்களும் 2002-ல் ஆல்ஃபா எஸ்2 கேசினிலிருந்து கிருமி எதிர்ப்புப் பெப்டைடுகளை இப்படிச் செறிவாக்கினார்கள். கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில் லோரான் பாசினே குழு அழுத்தத்தையே விட்டுவிட்டது. மின்னூடுபிரிப்பு அடுக்கில் அயனிப் பரிமாற்றச் சவ்வுகளுக்கு நடுவே அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வைச் செருகி, மின்புலம் ஒன்றையே உந்துவிசையாக்கியது. இங்கே பொருளின் விலை அதிகம், அளவு குறைவு. கிலோவுக்கு எத்தனை யூனிட் என்ற கேள்வி இங்கே யாரையும் பயமுறுத்தாது.

இவ்வளவு நல்லது என்றால் ஆலைகளில் ஏன் காணோம்?

மின்செலவு ஒரு காரணம், அதைப் பார்த்தாயிற்று. அதைவிடப் பிடிவாதமான காரணம் கருவியின் உருவம். பால் ஆலைகளில் ஓடுவது பாய் போலச் சுருட்டிய சவ்வு மாட்யூல்கள், ஒரு மி.மீ. அளவே இடைவெளி விட்டுப் பல சதுர மீட்டர் சவ்வை ஒரு குழாய்க்குள் அடைத்திருப்பார்கள். அதற்குள் மின்முனையை எங்கே வைப்பது? தட்டுச் சட்ட அமைப்பில் வைக்கலாம். அதில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பூசிய டைட்டானியம், இரண்டு மின்முனை அறை, அயனிச் சவ்வு என்று விலை ஏறும். தினசரிச் சுத்தத்துக்குச் சூடான காஸ்டிக் சோடாவும் அமிலமும் ஓடும், இவை அனைத்தும் அதையும் தாங்க வேண்டும். மருந்துத் தொழிலில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் சவ்வுக் கேசட்டுகள் வந்துவிட்டன. மின்முனை உள்ள கேசட்டை எறிய யாருக்கும் மனம் வராது.

கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்கிறோம். ஃப்ளக்ஸ் கூடியது மின்புலத்தால்தான் என்று எப்படிக் காட்டுவது?

முதலில் சந்தேகிக்க வேண்டியது வெப்பநிலையை. அறை வெப்பநிலையில் நீரின் பாகுத்தன்மை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் குறையும். செல் 10 டிகிரி சூடானால் மின்நகர்வு எதுவுமே இல்லாமல் ஃப்ளக்ஸ் 20 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். செல்லின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் வெப்பமானி வையுங்கள். மின்சாரம் இல்லாத ஒப்பீட்டுச் சோதனையையும் அதே வெப்பநிலையில் ஓட்டுங்கள்.

அடுத்து, முனைகளை மாற்றிப் போடுங்கள். மின்நகர்வு உண்மை என்றால் ஃப்ளக்ஸ் மின்சாரம் இல்லாத நிலைக்கும் கீழே இறங்க வேண்டும். இரண்டு திசையிலும் கூடினால் அது சூடு.

பிறகு புரதத்தின் சம மின்புள்ளிக்குப் பிஎச்சைக் கொண்டுவந்து ஒருமுறை ஓட்டுங்கள். அங்கே மிஞ்சுகிற உயர்வு சவ்வின் மின்சவ்வூடுபரவலும் சூடும் சேர்ந்தது. பிஎச் 7-ல் கிடைத்த உயர்வுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் புரதத்தைத் தள்ளியதன் கணக்கு. புரதமே இல்லாத தாங்கல் கரைசலில் ஒருமுறை ஓட்டினால் சவ்வின் பங்கு தனியாகத் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் இரு பக்கப் பிஎச், கடத்துதிறன், மின்னோட்டம், செல்லுக்குள் விழும் வோல்ட் ஆகியவற்றைத் தொடர்ந்து பதியுங்கள். செல்லுக்குள் விழும் வோல்ட்டை அளக்க, சவ்வுக்கு மேலே தெரிந்த இடைவெளியில் இரண்டு மெல்லிய பிளாட்டினக் கம்பிகளைச் செருகி, மின்னோட்டம் இழுக்காத வோல்ட்மீட்டரில் இணைத்தால் போதும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு பவர் சப்ளையைப் போடுங்கள்.